துரை ஆபீசின் மழைக்கணக்கு

இலங்கையின் சபரகமுவ மாகாணத் தோட்டங்களில் மழை இரண்டு புத்தகங்களில் பதிவானது. துரை என்று அழைக்கப்பட்ட தோட்ட அதிகாரியின் ஆபீசில் இருந்த மழைப் புத்தகத்தில் அது அங்குலக் கணக்காக ஏறியது. ஆட்களின் அன்றாட வேலைக் கணக்கான செக்ரோலிலோ விழாத பேராக, அதாவது கிடைக்காத ஒரு நாள் கூலியாகத் தெரிந்தது. இறப்பர் மரத்தின் பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் பேரும் இல்லை, அல்லது அரைப்பேர். மழை ஏற வேண்டிய மூன்றாவது புத்தகம் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கொப்பி. அதில் மழைக்கு இடம் கிடைக்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

காலநிலை மாற்றத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது இன்று உலகெங்கும் ஆராயப்படும் கேள்வி. மாநாடுகள் நடக்கின்றன, சஞ்சிகைகள் வெளிவருகின்றன. இந்தத் துறை பெயர் பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே குருவிட்டவைச் சுற்றிய மலைகளில் மழையைப் பற்றிய அறிவு திரண்டிருந்தது. யார் அளந்தார்கள், யாருக்காக அளந்தார்கள், யாரிடம் அது சொல்லப்படவில்லை என்பதுதான் அந்த ஊரின் கதை.

குருவிட்ட, கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் வீதியில், எஹெலியகொடையைத் தாண்டி இரத்தினபுரிக்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர். கிழக்கே சிவனொளிபாதமலைத் தொடர். அங்கிருந்து இறங்கும் குரு கங்கை களு கங்கையில் சேர்கிறது. மலைக்கு ஏறும் பாதைகளில் கடினமானது என்று பெயர்பெற்ற எரத்ன பாதை இந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் ஈரத்தை முதலில் மறிப்பது இந்தச் சரிவுகள்தாம். இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது; சென்னையில் பெய்வதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மே மாதத்தில் பருவமழை. அது ஓய்ந்து ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. கோடை என்று நம்பிச் சொல்லக்கூடிய மாதம் இங்கே இல்லை.

நீர்யானை இருந்த நாடு

இந்த ஊரின் காலநிலை என்றும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதை முதலில் காட்டிக்கொடுத்தவை இரத்தினக்கல் குழிகள். கல் தேடுவோர் மண்ணைத் தோண்டி, பழைய ஆறுகள் விட்டுச்சென்ற கூழாங்கல் படையை எடுத்து அரித்தபோது, கற்களோடு எலும்புகளும் பற்களும் வந்தன. தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைச் சேகரித்து ஆராய்ந்தார். நீர்யானையும் காண்டாமிருகமும் ஒரு காலத்தில் இந்தத் தீவில் வாழ்ந்திருக்கின்றன என்பது அப்படித்தான் தெரியவந்தது. இன்று அவை இங்கே மிருகக்காட்சிச்சாலையில் மட்டும் பார்க்கக்கூடிய விலங்குகள்.

குருவிட்டவுக்கு அருகே மலையடிவாரக் காட்டில் பட்டதொம்ப லென என்ற பாறைக்குகை இருக்கிறது. தெரணியகலவும், பின்னர் அவரது மகன் சிரான் தெரணியகலவும் அதை அகழ்ந்தார்கள். 2000களில் நிமல் பெரேரா மீண்டும் அகழ்ந்தார். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர் அங்கே தங்கியிருந்ததற்குச் சான்றுகள் கிடைத்தன: நுண்கற்கருவிகள், மணிகள், குரங்கு, அணில் போன்ற மரவாழ் விலங்குகளின் எலும்புகள், நத்தை ஓடுகள், காட்டுக் கொட்டைகளின் கரிந்த தோடுகள்.

2015இல் பற்றிக் ரொபேர்ட்ஸ் முதலானோர் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு இந்தக் குகையை உலகறியச் செய்தது. இலங்கையின் தொல்குடியிருப்புகள் சிலவற்றில் கிடைத்த மனிதப் பற்களின் எனாமலில் காபன் ஓரிடத்தான்களை அளந்தார்கள். அடர்காட்டு நிழலில் வளரும் செடிகளுக்கும் வெட்டவெளிப் புல்லுக்கும் அந்த அளவு வேறுபடும். அவற்றை உண்டு வளர்ந்தவரின் பல்லில் அது பதிந்துவிடும். உலகம் பனியுகத்தின் உச்சத்தில் குளிர்ந்து, பருவமழை தளர்ந்திருந்த காலத்தை ஒட்டியும் இந்த மனிதர் பெரும்பாலும் மழைக்காட்டு உணவிலேயே வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. மழைக்காட்டில் மனிதர் நிலைத்து வாழ்வது பிற்காலத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்ற பழைய கருத்து இதனால் ஆட்டம் கண்டது. காலநிலை மாறும்போது மனிதர் என்ன செய்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஆனால் இலங்கைப் பாடசாலையில் இந்த மனிதர் ‘பலாங்கொடை மனிதன்’ என்ற பெயரோடு வரலாற்றுப் பாடத்தில் வருகிறார். மழையைப் பேசும் பாடம் வேறொரு புத்தகத்தில் இருக்கிறது.

துரைமார் கற்ற பாடம்

காட்டை வெட்டினால் காலநிலை மாறுமா என்ற கேள்வி இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. கோப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலம் அது. 1873இல் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர், உயர்மலைக் காடுகளை அழிப்பது மழையையும் ஆறுகளையும் பாதிக்கும் என்று எச்சரித்தார். அதையொட்டி 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளைத் தோட்டங்களுக்கு விற்பது நிறுத்தப்பட்டது. குருவிட்டவுக்கு மேலே சிவனொளிபாதமலையைச் சுற்றி இன்றும் காடு எஞ்சியிருப்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். 1940இல் அந்தக் காடு சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

ஐயாயிரம் அடிக் கோட்டுக்குக் கீழே அப்படி ஒரு தடை இருக்கவில்லை. கோப்பியை இலைத்துரு நோய் தின்ற பிறகு தேயிலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளின் பசிக்கு இறப்பர் வந்தது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய ரயில்பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியபோது, வழியிலிருந்த குருவிட்டவுக்கும் புகையிரத நிலையம் கிடைத்தது. இறப்பர் சீட்டும் தேயிலைப் பெட்டியும் கொழும்புக்குப் போயின. அரிசி மூட்டைகள் வந்தன, ஆட்களும் வந்தார்கள். அவிசாவளைக்கு அப்பால் அந்தப் பாதை 1970களில் மூடப்பட்டுவிட்டது.

மழை கழுவிக்கொண்டு போன மண்ணும் ஒரு பாடத்தைக் கற்பித்தது. மலைச்சரிவில் புல்பூண்டு இல்லாமல் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று துரைமார் நம்பியிருந்தார்கள். மேல்மண் ஆற்றோடு போயிற்று. மண்ணரிப்பை ஆராய அமைத்த குழு 1931இல் அறிக்கை தந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மலைக்குக் குறுக்கே வெட்டிய கான்களும் கல்வேலிகளும், இறப்பருக்குக் கீழே படர்ந்த மூடுபயிர்க் கொடிகளும் அந்தப் படிப்பினையின் தடங்கள். கான் வெட்டியவர்கள் தொழிலாளர்கள். ஏன் இந்த வாட்டத்தில், ஏன் இந்த இடைவெளியில் வெட்டுகிறோம் என்ற விளக்கம் ஆங்கில அறிக்கையோடு நின்றது.

மழைமானியும் இந்தக் காலத்துக் கருவியே. ஆபீசின் முற்றத்தில், மரமும் கூரைத் தாவாரமும் மறைக்காத இடத்தில் ஓர் உலோக உருளை, அதன் வாயில் புனல், உள்ளே போத்தல். காலையில் போத்தல் நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, அங்குலத்தை நூறாகப் பிரித்த கணக்கில் புத்தகத்தில் எழுதினார்கள். மாத முடிவில் கூட்டுத்தொகை கொழும்புக்குப் போகும். கொழும்பு வானாய்வு நிலையம் 1907இல் திறக்கப்பட்டது. 1948இல் வளிமண்டலவியல் தனித் திணைக்களமாயிற்று. மலைநாட்டின் மழையை ஆராய்பவர் இன்றும் தோட்டங்களின் பெயரால் அமைந்த நிலையங்களின் கணக்கைத்தான் புரட்டுகிறார். நூறு ஆண்டுத் தொடர்ச்சியான மழைக்கணக்கு பல நாடுகளின் மலைப்பகுதிகளுக்கு வாய்க்காத செல்வம்.

அதைப் படிக்க நிறுவனங்களும் இருந்தன. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தொடங்கியது. தாழ்நாட்டுத் தேயிலைக்கான அதன் நிலையம் இரத்தினபுரிக்கு அருகே செயின்ட் ஜோகிம் தோட்டத்தில் இருக்கிறது. 1910ஆம் ஆண்டளவில் தொடங்கிய இறப்பர் ஆராய்ச்சிக்குக் குருவிட்டவிலேயே ஒரு கிளை நிலையம் உண்டு. தோட்டக்காரர் படிக்க ‘ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ என்ற சஞ்சிகை 1881 முதல் வெளிவந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். துரைமார் தமிழ் படித்ததும் உண்டு. புதிதாக வந்த சின்னத்துரைமாருக்கு ‘இங்கே வா’ என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் கையேடு அச்சிடப்பட்டிருந்தது. அதன் தேவை வேலை வாங்குவது. அறிவைப் பகிர அந்தத் தமிழ் பயன்படவில்லை.

லயத்தின் வானிலை

பால் வெட்டுகிறவருக்கு மழைமானி வேண்டியிருக்கவில்லை. விடியுமுன் எழுந்து வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பதுதான் அன்றைய முதல் வேலை. இறப்பர்ப் பால் அதிகாலைக் குளிரில்தான் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். இரவு மழையில் பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக் கோட்டில் ஓடாமல் மரத்தில் பரந்து வழியும், சிரட்டையில் சேராது. ஈரப்பட்டையில் கத்தி வைத்தால் பூஞ்சை நோயும் பிடிக்கும். ஆகவே பட்டை காயும்வரை காத்திருப்பதா, அன்றைய வெட்டையே கைவிடுவதா என்ற முடிவு, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டில் எடுக்கப்பட்டது. முடிவு துரையுடையது, அது வயிற்றில் அடித்தது தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில். பிற்காலத்தில் வெட்டுக்கு மேலே பொலித்தீன் பாவாடை கட்டி மழைநீரைத் திருப்பும் முறை வந்து சில நாட்களை மீட்டுக் கொடுத்தது.

தேயிலை மலையில் மழைக்கு வேலை நிற்பதில்லை. கம்பளியைத் தலையில் போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுத்த பெண்களுக்கு, எந்தச் சரிவில் மண் இளகும், எந்தக் கானில் கலங்கல் வரும், எந்த மழைக்கு எத்தனை நாள் கழித்துக் கொழுந்து துளிர்க்கும் என்பது கைப்பாடம். அட்டை ஏறும் காலமும் பனி விலகும் நேரமும் அவர்களுக்குத் தெரியும். இது ஏட்டில் ஏறவில்லை. தாயிடமிருந்து மகளுக்குப் போனது. குடும்பங்கள் சிதறியபோது அதுவும் சிதறியது. இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும், இந்தியாவோடு செய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் லட்சக்கணக்கானோரை இந்தியாவுக்குக் கப்பலேற்றின. 1977இலும் 1981இலும் இனக்கலவரங்களில் சபரகமுவத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது பல குடும்பங்கள் வடக்கே வன்னிக்கு ஓடின. ஒரு மலையின் குணத்தை மூன்று தலைமுறையாக அறிந்தவர்கள் மழை குறைந்த மண்ணில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

கொட்டகைப் பள்ளி

தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது துரையின் கடமை என்று 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் சொன்னது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை இறுக்கியது: 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியும் அதற்கு ஓர் அறையும் வேண்டும். நடைமுறையில் அது ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, எல்லா வகுப்பும் ஒன்றாக. எழுத்து, வாசிப்பு, கணக்கு. பத்து வயதைத் தாண்டினால் பிள்ளை வேலைக்கு வரலாம். கணக்குப் பாடத்தின் எல்லை செக்ரோலில் தன் பேரைச் சரிபார்க்கும் அளவு. பல இடங்களில் அதுவும் எட்டவில்லை.

நாடு முழுவதற்கும் 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றன. 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் அவை சேர்க்கப்படவில்லை. தோட்டங்கள் 1975இல் தேசியமயமான பிறகு, 1977 முதல்தான் அவை படிப்படியாக அரச பாடசாலைகளாயின. இந்த நீண்ட தாமதத்தின் அரசியலையும் பொருளாதாரத்தையும் அஞ்சலா லிட்டில் 1999இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1980களில் சுவீடனின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி தொடங்கப்பட்டு, தோட்டத்து இளைஞரே ஆசிரியராகப் பயிற்சி பெற்றார்கள்.

மத்திய மலைநாட்டைவிடச் சபரகமுவவின் நிலை கடினமானது. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. தமிழ்ப் பாடசாலைகள் சிறியவை, தூரமானவை. உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சில. தமிழ் ஆசிரியர் கிடைக்காத இடங்களில் பிள்ளைகள் சிங்கள மொழி வகுப்புகளில் சேர்கிறார்கள். காலநிலைப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்பதைப் போலவே, அது எந்த மொழியில், எந்த ஆசிரியரின் வாயிலாக வருகிறது என்பதும் இந்தப் பகுதியில் முக்கியமாகிவிடுகிறது.

சுற்றாடல் பாடமானது

தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் உலகம் சுற்றாடல் கல்வியைக் கண்டெடுத்தது. 1972இல் ஸ்டொக்ஹோம் மாநாடு. 1977இல் ஜோர்ஜியாவின் திபிலிசியில் சுற்றாடல் கல்விக்கென்றே நடந்த அரசுகளுக்கிடையிலான மாநாடு. இலங்கையில் 1981இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை அமைந்தது. அதன் வழியே பாடசாலைகளில் சுற்றாடல் முன்னோடிப் படையணிகள் உருவாயின. இந்தியாவில் 1991இல் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 1990களின் இறுதியில் நடந்த கல்விச் சீர்திருத்தத்தில் இலங்கையின் ஆரம்ப வகுப்புகளுக்கு ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ பாடமாயிற்று. முதன்முறையாக ஒரு தோட்டத்துப் பிள்ளையின் கொப்பியில் மழையும் மண்ணும் மரமும் முறையாக இடம்பெற்றன.

1992இன் ஐக்கிய நாடுகள் காலநிலைச் சாசனத்தில் ஆறாவது உறுப்புரை கல்விக்கும் பொதுமக்கள் விழிப்புணர்வுக்கும் ஒதுக்கப்பட்டது. 2015இன் பாரிஸ் உடன்படிக்கையில் அதையே பன்னிரண்டாவது உறுப்புரை திரும்பச் சொன்னது. ஆனால் இந்த மலைகளில் மழைப்பாடத்தை அவசரமாக்கியது உறுப்புரை எதுவுமல்ல.

மலை சரிந்தபோது

1993 ஒக்டோபரில் இரத்தினபுரி நகரை அடுத்த ஹெலஉடவில் மலை சரிந்து ஏறத்தாழ முப்பது பேர் மாண்டார்கள். 2003 மே 17ஆம் திகதி இரத்தினபுரி மாவட்டமும் தென்பகுதியும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கின. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அதே நாளில் அதே மாவட்டத்தின் புளத்கொஹுப்பிட்டிய களுபஹன தோட்டத்தில் லயங்கள் புதைந்தன. ஊடகங்களின் கண் அரநாயக்கவில் இருந்தது. மறு ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரியும் களுத்துறையும் மீண்டும் அடிபட்டன. அந்தத் தடவையும் நாடு முழுவதும் இருநூறு பேருக்கு மேல் பலியானார்கள்.

லயங்கள் இதில் முதலில் அகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. துரை பங்களா குன்றின் நெற்றியில், காற்றும் காட்சியும் பார்த்துக் கட்டப்பட்டது. லயம் வேலைக்குக் கிட்ட, பயிருக்கு உதவாத ஒதுக்குநிலத்தில், பெரும்பாலும் சரிவை வெட்டிய தட்டில் எழுந்தது. பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையே ஒரு கான் மட்டுமே இருக்கும் லயங்கள் நிறைய.

1984இல் தொடங்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. இரத்தினபுரியும் கேகாலையும் அந்த வரைபடங்களில் உண்டு. சுனாமிக்குப் பிறகு 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2008இல் பாடசாலைகளின் அனர்த்தப் பாதுகாப்புக்கான தேசிய வழிகாட்டி வெளியானது. இந்த ஏற்பாடுகளின் நடுவே மழைக்கணக்கு கடைசியில் ஆபீசை விட்டு வெளியே வந்தது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள், விழிப்பாக இரு. 100 ஆனால் செம்மஞ்சள், கிளம்ப ஆயத்தமாகு. 150ஐத் தொட்டால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், சிவப்பு, வெளியேறு. அபாயமுள்ள ஊர்களுக்கு எளிய மழைமானிகளும் கொடுக்கப்பட்டன. துரை ஆபீசின் முற்றத்தில் நின்ற கருவியின் ஏழை உறவு இப்போது வீட்டு வாசலில் நின்றது.

எண் தெரிந்தால் மட்டும் உயிர் தப்பிவிடாது என்பதை ஊவா மாகாணத்தின் மீரியபெத்த காட்டியது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது அபாயமான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போகச் சொன்னால் எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் அரசுக்கு அல்லது குத்தகைக் கம்பனிக்குச் சொந்தம். எச்சரிக்கை புரிந்தவருக்கும் கால் வைக்க ஓர் இடம் வேண்டும்.

ஆராய்ச்சி நகர்ந்த திசை

காலநிலைக் கல்வி பற்றிய ஆராய்ச்சி இந்த உண்மையைச் சுற்றி வந்து சேரச் சில பத்தாண்டுகள் பிடித்தன. 1990களின் தொடக்கத்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் பொய்ஸும் மார்ட்டின் ஸ்டானிஸ்ட்ரீட்டும் பிரித்தானியப் பிள்ளைகளிடம் வினாக்கொத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓசோன் படையில் துளை விழுந்ததால்தான் பூமி சூடாகிறது என்று பலர் நம்பியிருந்தனர். அன்றைய ஆராய்ச்சியின் போக்கு அதுதான்: பிள்ளையின் தலையில் எந்தத் தகவல் பிழையாக இருக்கிறது என்று கண்டுபிடி, அதைத் திருத்து.

பின்னர் கேள்வி மாறியது. சரியான தகவல் தெரிந்தவர்கள் ஏன் எதுவும் செய்வதில்லை? 2019இல் மார்த்தா மன்ரோவும் சக ஆய்வாளர்களும் அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயன் தந்த பாடங்களில் சில பொதுக்கூறுகள் தெரிந்தன: பிள்ளையின் சொந்த வாழ்வோடு தொடர்பு, கலந்துரையாடல், விஞ்ஞானிகளோடு நேரடிப் பழக்கம், தவறான கருத்துகளை நேர்கொள்ளல், பாடசாலையிலோ ஊரிலோ செய்து முடிக்கும் ஒரு வேலை. அதே ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடந்த ஆய்வொன்று, பிள்ளைகள் படித்த காலநிலைப் பாடம் பெற்றோரின் அக்கறையையும் கூட்டுகிறது என்று காட்டியது. 2021இல் ‘லான்செட்’ குடும்பத்துச் சஞ்சிகையொன்றில் பத்து நாடுகளின் பத்தாயிரம் இளைஞரிடம் காலநிலை பற்றிய அச்சத்தை அளந்த ஆய்வு வந்தது. இந்தியா அதில் உண்டு, இலங்கை இல்லை. அறிவிலிருந்து செயலுக்கும், செயலிலிருந்து மன உணர்வுக்கும் நியாயத்துக்கும் ஆராய்ச்சியின் கவனம் நகர்ந்திருக்கிறது.

பாடத்திட்டங்கள் அவ்வளவு நகரவில்லை. 2021இல் யுனெஸ்கோ நூறு நாடுகளின் தேசியப் பாடத்திட்டங்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதியில் காலநிலை மாற்றம் என்ற பேச்சே இருக்கவில்லை. ஆய்வுகளிலும் ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது. அவற்றில் பெரும்பங்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அங்கே பிள்ளைக்குக் காலநிலை மாற்றத்தை ‘அருகே கொண்டுவருவது எப்படி’ என்பது பெரிய ஆய்வுக் கேள்வி. குருவிட்டவின் மேல்மலையில் வசிக்கும் பிள்ளைக்கு அது வீட்டின் பின்சுவரில் வந்து நிற்கிறது. அங்கே எழ வேண்டிய கேள்விகள் வேறு: பயத்தைப் பாடம் கூட்டுமா தணிக்குமா, வெளியேற இடமில்லாதவருக்கு வெளியேறும் ஒத்திகை எதைக் கற்பிக்கும், எச்சரிக்கை எந்த மொழியில் எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது?

பயிரைப் பற்றிய ஆராய்ச்சி இதைவிட முன்னே போயிருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் எம். ஏ. விஜேரத்ன 1996இலேயே காலநிலை மாற்றம் இலங்கைத் தேயிலையை எப்படிப் பாதிக்கும் என்று எழுதினார். வறட்சியும் உயரும் வெப்பமும் தாழ்நாட்டில் விளைச்சலைக் குறைக்கும், கனமழை மேல்மண்ணைக் கொண்டுபோகும் என்பது அதன் சாரம். தேயிலைச் செடிக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள எடுத்த அக்கறைக்கு ஈடாக, கொழுந்தெடுப்பவரின் பிள்ளை அதைப் பற்றி என்ன கற்கிறது என்று தெரிந்துகொள்ள எடுக்கப்படவில்லை. பழைய இரண்டு புத்தகங்களுக்கு இடையே இருந்த இடைவெளிதான் ஆராய்ச்சியிலும் தொடர்கிறது.

அதைக் குறைக்கப் பெரிய செலவு தேவையில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனபோது ஆபீசுகளும் அவற்றின் ஏடுகளும் கூடவே போயின. மழைப் புத்தகம் தப்பியிருக்கும் தோட்டங்களில், அருகிலுள்ள பாடசாலைக்கு அதன் பிரதி ஒன்று கிடைத்தால் போதும். மஞ்சள் எச்சரிக்கையின் 75 மில்லிமீற்றர் அந்தப் புத்தகத்தின் கணக்கில் ஏறத்தாழ மூன்று அங்குலம், செம்மஞ்சள் நான்கு, சிவப்பு ஆறு. 1930களில் ஆறு அங்குலத்தைத் தாண்டிய நாட்கள் எத்தனை, 1970களில் எத்தனை, கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை என்று எண்ணுவது ஒன்பதாம் வகுப்புக் கணிதத்துக்கு அடங்கும். அந்த நாட்களில் எந்த மலையில் மண் இறங்கியது என்று லயத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டால் பக்கத்திலேயே ஒரு வரைபடமும் உருவாகும். மன்ரோவின் பட்டியலில் உள்ள கூறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே பயிற்சியில் வந்துவிடுகின்றன. சபரகமுவத் தோட்டங்களுக்கு இதுவரை எழுதப்படாத காலநிலை வரலாற்றின் முதல் அத்தியாயத்தையும் அந்தப் பிள்ளைகளே எழுதியிருப்பார்கள். புத்தகத்தைக் கேட்டு ஆபீசுக்குப் போக வேண்டியது பாடசாலை அதிபரா, கல்வி வலயமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.